நான்காம் பிலிப்பின் வெள்ளிக் காசும் ஒப்புதல் இல்லாத வரியும்

பிரான்சை 1285 முதல் 1314 வரை ஆண்ட நான்காம் பிலிப் ‘கள்ளக் காசு அடித்த அரசர்’ என்று ஏன் பழிக்கப்படுகிறார், நாட்டின் தலைவரே தம் காசில் வெள்ளியைக் குறைத்தது பேராசையினாலா, அது தெரிந்தும் மக்கள் அந்தக் காசை ஏன் வாங்கினார்கள் என்பது இங்கே கேட்கப்பட்ட கேள்வி. பழி பழையது, பிலிப் வாழ்ந்த காலத்திலேயே அது தொடங்கிவிட்டது. இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் காவியத்தின் சொர்க்கப் பகுதியில், காசைப் பொய்யாக்கிச் சேன் நதிக்கரைக்குத் துயரம் விளைவித்தவர் என்று பெயர் சொல்லாமல் இந்த அரசரைச் சாடுகிறார். ஆனால் ஆவணங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், நடந்தது திருட்டு என்ற சொல்லுக்குள் அடங்குவதாக எனக்குத் தோன்றவில்லை. பிலிப் செய்தது மக்களின் ஒப்புதல் இல்லாமல் தண்டிய ஒரு வரி. அந்த வரியைத் தண்டுவதற்கு அவருக்குத் திறந்திருந்த ஒரே பெரிய வாசல், காசு அடிக்கும் இடமான அக்கசாலை. அதைப் புரிந்துகொள்ள, முதலில் அந்தக் காலத்து வெள்ளிக் காசு எப்படி எண்ணப்பட்டது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

மேற்கு ஐரோப்பாவின் கணக்குமுறை சார்லமேன் பேரரசரின் காலத்தில் நிலைபெற்றது. 790-களில் அவர் செய்த சீர்திருத்தத்துக்குப் பிறகு ‘தெனியே’ என்ற வெள்ளிக் காசு ஏறத்தாழ 1.7 கிராம் எடையுடன் அடிக்கப்பட்டது. 794-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் கூடிய அவை, புதிய தெனியேவை எந்த ஊரிலும் எவரும் மறுக்கக் கூடாது என்று ஆணையிட்டது. 12 தெனியே சேர்ந்தால் ஒரு ‘சூ’, 20 சூ சேர்ந்தால் ஒரு ‘லிவர்’, ஆக ஒரு லிவருக்கு 240 தெனியே. இதில் கவனிக்க வேண்டியது, பல நூற்றாண்டுகளுக்குத் தெனியே ஒன்றுதான் கையில் பிடிக்கக்கூடிய காசாக இருந்தது என்பதே. சூவும் லிவரும் எண்ணிக்கையின் பெயர்கள் மட்டுமே. நில வாடகை, கடன், அபராதம், சீதனம், சம்பளம் எல்லாம் இந்த எண்ணிக்கையில்தான் எழுதப்பட்டன. எழுதப்பட்ட எண் அப்படியே நிற்கும். அந்த எண்ணைக் கொடுத்து முடிக்கும் காசுக்குள் இருக்கும் வெள்ளியோ மாறிக்கொண்டே இருக்கும். பின்னால் நடந்த அரசியல் முழுவதும் இந்த இடைவெளிக்குள் நடந்ததுதான்.

சார்லமேனின் பேரன் வழுக்கைத் தலையர் சார்ல்ஸ் 864-இல் பீத்ர் என்ற ஊரில் வெளியிட்ட ஆணை, காசு அடிக்கும் இடங்களைப் பத்தாகக் குறைத்து, மாற்று, அதாவது வெள்ளியின் தூய்மை, குறைந்த காசு அடிப்பவருக்குத் தண்டனையும் விதித்தது. ஆணை சொன்ன கட்டுப்பாடு நெடுநாள் நிற்கவில்லை. அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் அரச அதிகாரம் சிதறச் சிதற, கோமகன்களும் ஆயர்களும் மடங்களும் ஆளுக்கோர் அக்கசாலை வைத்துக்கொண்டார்கள். செத்துப்போன அரசரின் பெயரையே அச்சில் வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக அடித்த பிரபுக்களும் உண்டு. மக்களுக்குப் பழகிய முகப்பு இருந்தால்தான் காசு ஓடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். முகப்பு நின்றது, உள்ளே வெள்ளி கரைந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் தூர் நகரத்துத் தெனியே ஒன்றில் இருந்த தூய வெள்ளி ஏறத்தாழ 0.33 கிராம். சார்லமேனின் காசில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே வெள்ளியைக் குறைத்த முதல் ஆள் பிலிப் அல்லர். நானூற்றைம்பது ஆண்டுகளாக மெல்ல மெல்ல நடந்துவந்த ஒன்றை அவர் பத்தே ஆண்டுகளுக்குள் வேகமாகச் செய்தார். வலி தெரிந்தது அந்த வேகத்தால்தான்.

அரசர்கள் காசைத் திரும்பத் தம் கைக்குக் கொண்டுவந்தது பிலிப்பின் முன்னோர் காலத்தில். பிலிப் அகுஸ்து என்ற இரண்டாம் பிலிப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துரேன் பகுதியைக் கைப்பற்றியபோது, தூர் நகரத்துத் தூய மார்ட்டின் மடத்தின் காசு மரபையும் அரச உடைமையாக்கினார். அதன் பின் பாரிசின் ‘பாரிசி’ காசும் தூரின் ‘தூர்னுவா’ காசும் அரச நாணயத்தின் இரண்டு கிளைகளாக நின்றன. நான்கு பாரிசிக்கு ஐந்து தூர்னுவா என்பது கணக்கு. அவருடைய பேரர் ஒன்பதாம் லூயி 1262-இல் இட்ட ஆணைதான் திருப்புமுனை: பிரபுவின் காசு அவருடைய நிலத்துக்குள் மட்டுமே செல்லும், அரசரின் காசோ நாடு முழுவதும் செல்லும். பிரபுக்களின் அக்கசாலைகளை மூடாமலேயே அவற்றின் மூச்சை அடக்கிய ஆணை இது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1266-இல், லூயி ‘குரோ தூர்னுவா’ என்ற பெரிய வெள்ளிக் காசை வெளியிட்டார். எடை ஏறத்தாழ 4.22 கிராம், பாரிசின் நிறையளவான ஒரு மார்க்கு, அதாவது ஏறத்தாழ 245 கிராம் வெள்ளியிலிருந்து 58 காசுகள். வெள்ளி 24-க்கு 23 பங்கு தூய்மையானது. மதிப்பு 12 தெனியே, அதாவது ஒரு சூ. அதுவரை எண்ணிக்கையாக மட்டும் இருந்த சூவுக்கு அன்று உடல் கிடைத்தது. ஒரு பக்கத்தில் சிலுவையும், அதைச் சுற்றி இரண்டு வட்டங்களாக ‘லூயி அரசர்’ என்ற பெயரும், ‘நம் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் பெயர் போற்றப்படுக’ என்ற இலத்தீன் வாசகமும். மறுபக்கத்தில் தூர் நகரத்தின் அடையாளமான கோட்டை வடிவமும், விளிம்பில் 12 அல்லி மலர்களும். காசு அழகானது, நேர்த்தியாக அடிக்கப்பட்டது. அண்டை நாட்டுப் பிரபுக்கள் பலர் அதைப் பார்த்துத் தாங்களும் அதே சாயலில் அடிக்கத் தொடங்கினார்கள். இந்தக் காசின் நற்பெயரே பின்னால் பேரன் பிலிப்பின் கழுத்தை இறுக்கிய கயிறாகவும் ஆயிற்று.

இனி அக்கசாலைக்கு ஆதாயம் எப்படி வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் தவறாக நினைப்பது இங்கேதான். அரசரிடம் வெள்ளிச் சுரங்கம் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் புது வெள்ளி சாக்சனியின் ஃபிரைபெர்கிலிருந்தும் பொஹீமிய, மொராவிய மலைகளிலிருந்தும் வந்தது. பிரெஞ்சு நாட்டில் மெல் என்ற ஊரில் ஒரு காலத்தில் இருந்த பெரும் சுரங்கம் வற்றி நெடுங்காலம் ஆகியிருந்தது. எனவே அக்கசாலை இயங்க வேண்டுமானால் வணிகரும் நாணயமாற்றுக்காரரும் கட்டி வெள்ளியையோ பழைய காசையோ தாமாக விரும்பிக் கொண்டுவந்து விற்க வேண்டும். அக்கசாலை அதை வாங்கி உருக்கிக் காசடித்து, விற்றவருக்கு உரிய எண்ணிக்கையைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் கூலிச் செலவைக் கழித்துக்கொண்டு, அரசரின் பங்கை எடுத்துவைக்கும்.

கணக்கைச் சுருக்கி ஓர் எடுத்துக்காட்டாகப் போட்டுப் பார்ப்போம். ஒரு மார்க்கு வெள்ளியில் 58 குரோ; குரோவுக்கு ஒரு சூ என்றால் 58 சூ. கொண்டுவந்தவருக்கு 54 சூ கொடுத்தால் கூலிக்கும் அரசருக்குமாக 4 சூ மிஞ்சும். இப்போது அரசர் சிறு காசில் செம்பைக் கூட்டி வெள்ளியைப் பாதியாக்கி, குரோவுக்கு 12 தெனியே என்றிருந்ததை 24 தெனியே என்று அறிவிக்கிறார். அதே மார்க்கு வெள்ளி இப்போது 116 சூ ஆகிறது. அவர் வணிகருக்கு 90 சூ கொடுக்கிறார். நேற்று 54 வாங்கியவர் இன்று 90 வாங்குகிறார். அந்த 90 சூவுக்குள் இருக்கும் வெள்ளி 45 குரோவுக்குச் சமம், நேற்றைய 54-ஐவிடக் குறைவுதான். ஆனாலும் அவர் வருகிறார். ஏனெனில் அவருடைய கடனும் வாடகையும் வரிப்பாக்கியும் பழைய எண்ணிக்கையிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. கடைவீதி விலைகள் ஏறுவதற்குள் அவர் 90 சூவைக் கொண்டு பழைய கடன்களைத் தீர்த்துவிடலாம். அரசருக்கோ கூலி போக இருபது சூவுக்கு மேல் கிடைக்கிறது. மக்கள் வரிசையில் நின்று அக்கசாலைக்கு வெள்ளி கொண்டுவந்ததற்கு ஏமாற்றம் காரணமன்று. அவர்களுக்கும் அதில் கொஞ்ச காலத்துக்கு ஆதாயம் இருந்தது. விலைகள் எட்டிப்பிடித்ததும் வரத்து நின்றுவிடும். மறுபடியும் மாற்றைக் குறைத்தால்தான் அக்கசாலையில் அடுப்பு எரியும்.

பிலிப் ஏன் இந்த வழிக்கு வந்தார் என்றால், வேறு வழிகள் அடைபட்டிருந்தன. அக்கால வழக்கப்படி அரசர் தம் சொந்த நிலங்களின் வருவாயிலேயே வாழ வேண்டும். எல்லோரிடமும் வரி கேட்பது போர்க்கால அவசரத்துக்கு மட்டும், அதுவும் ஊர் ஊராக, பிரபு பிரபுவாகப் பேரம் பேசித்தான். 1292-இல் விற்பனை மீது ஒரு தீர்வை விதித்தபோது ருவான் நகரத்தில் கலகம் வெடித்தது. 1294-இல் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டுடன் அக்கித்தேன் நிலத்துக்காகப் போர் மூண்டது. சொத்தில் நூற்றில் ஒரு பங்கு 1295-இல் கேட்கப்பட்டது, மறு ஆண்டு ஐம்பதில் ஒரு பங்கு. பிரபுக்கள் தம் நிலத்தில் தண்டப்பட்டதில் தமக்கொரு பங்கு கேட்டார்கள். நகரங்கள் மொத்தத் தொகை கொடுத்துத் தப்பித்தன. பணமும் தாமதமாகவே வந்தது. படைவீரருக்கும் கூட்டாளிகளுக்கும் பணம் உடனே வேண்டும். அக்கசாலை அதை வாரம் தவறாமல் கொடுக்கும். அதற்கு எந்த அவையையும் கூட்ட வேண்டியதில்லை, எந்தப் பிரபுவுக்கும் பங்கு கொடுக்க வேண்டியதில்லை.

1295 மே மாதத்து ஆணையை இந்த விவாதத்தில் முதன்மையான சான்றாகக் கருதுகிறேன். நாட்டின் தேவைக்காக எடையிலும் மாற்றிலும் சற்றுக் குறைந்த காசை அடிக்கப்போவதாகவும், அதை வாங்குவோருக்கு ஏற்படும் இழப்பைப் பின்னர் தாமே ஈடுசெய்வதாகவும், அதற்குத் தம் வருவாயையும் நிலங்களையும் பிணையாக வைப்பதாகவும் பிலிப் அதில் வெளிப்படையாகச் சொல்கிறார். கள்ளக் காசு அடிப்பவர் எவரும் முன்கூட்டி அறிவித்து ஈடு தருவதாக எழுதிக்கொடுப்பதில்லை. அந்த வாக்கு நிறைவேறவில்லை என்பதும், நிறைவேற்ற முடியாத வாக்கை அரசர் கொடுத்தார் என்பதும் உண்மை. பழிக்க வேண்டுமானால் அதைப் பழிக்கலாம். ஆனால் அவர் மனத்தில் இது ஒரு கட்டாயக் கடனாகத்தான் தொடங்கியது. அதே காலத்தில், பெருஞ்செல்வர் அல்லாதவர்கள் தம் தங்க, வெள்ளிப் பாத்திரங்களை அக்கசாலைக்குத் தர வேண்டும் என்ற ஆணைகளும் வந்தன. ‘இரட்டைத் தெனியே’ என்ற புதுக் காசும் வந்தது. அதன் மேல் இரண்டு என்ற மதிப்பு இருந்தது, உள்ளே பழைய இரண்டு தெனியேவின் வெள்ளி இல்லை.

வெள்ளியை நாட்டுக்குள் அடைத்துவைப்பதும் இந்த அரசியலின் ஒரு பாதி. 1296 பிப்ரவரியில் திருத்தந்தை எட்டாம் பொனிஃபாஸ், தம் அனுமதி இல்லாமல் எந்த அரசருக்கும் குருமார் வரி கொடுக்கக் கூடாது என்று தடை விதித்தார். பிலிப் அவரோடு இறையியல் வாதம் செய்துகொண்டிருக்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் தங்கம், வெள்ளி, காசு எதுவும் நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்று ஆணையிட்டார். பிரெஞ்சுத் திருச்சபையிலிருந்து ரோமுக்குப் போய்க்கொண்டிருந்த பணம் நின்றது. மறு ஆண்டு ஜூலைக்குள் திருத்தந்தை இறங்கிவந்தார். நாட்டுக்கு ஆபத்து என்று அரசரே முடிவு செய்தால் அனுமதி கேட்காமல் வரி வாங்கலாம் என்று ஒப்புக்கொண்டார். அடுத்த மாதமே, 1297 ஆகஸ்ட் 11-இல், பிலிப்பின் பாட்டனார் ஒன்பதாம் லூயியைப் புனிதராகவும் அறிவித்தார். பிலிப்புக்கு அது பெரும் வெற்றி. அதனால் விளைந்த தொல்லையை அவர் முன்கூட்டிக் கண்டிருக்க முடியாது: பாட்டனார் புனிதரானதும், அவர் காலத்துக் காசும் புனிதத்தன்மை பெற்றுவிட்டது. அடுத்த அரை நூற்றாண்டுக்குக் குருமாரும் பிரபுக்களும் நகரத்தாரும் முறையிட்டபோதெல்லாம் கேட்டது ஒன்றையேதான்: புனித லூயியின் நல்ல காசைத் திருப்பிக் கொடுங்கள்.

வருவாயின் அளவைப் பார்த்தால் ஆசை எவ்வளவு வலுவானது என்று புரியும். 1298-99 கணக்காண்டில் அரச வருவாயில் பாதிக்கும் மேல் அக்கசாலைகளிலிருந்தே வந்தது. நிலம், நீதிமன்றம், காடு, தீர்வை எல்லாம் சேர்ந்தும் அதற்கு ஈடாகவில்லை. பிறகு, நாட்டின் வடக்கே இருந்த ஃபிளாண்டர்ஸ் பகுதியுடனான போர் பெரிதாயிற்று. 1302 ஜூலை 11-இல் கோர்த்ரே ஊருக்கு வெளியே நெசவாளரும் கைவினைஞருமாகிய ஃபிளாண்டர்ஸ் காலாட்படை பிரெஞ்சு வீரப் பிரபுக்களை வெட்டிச் சாய்த்தது. புதிய படை திரட்டப் புதிய காசு தேவைப்பட்டது. லூயி காலத்தில் 12 தெனியேவாக இருந்த குரோ, 1305 வாக்கில் ஏறத்தாழ 39 தெனியேவுக்குப் போயிருந்தது. குரோவின் வெள்ளி ஏறவில்லை. தெனியேவுக்குள் இருந்தது மூன்றில் ஒன்றாக இறங்கியிருந்தது.

இதனால் யார் அழிந்தார்கள் என்பதில்தான் இந்த வரலாற்றின் உயிர் இருக்கிறது. நூறு ஆண்டுக்கு முன் ‘ஆண்டுக்கு இத்தனை சூ’ என்று நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்த பிரபுவும், அறக்கட்டளை வருவாயில் வாழ்ந்த மடமும், வட்டிக்குக் கொடுத்தவரும் நொறுங்கினார்கள். எழுதிய எண் அப்படியே வந்தது, வெள்ளி மூன்றில் ஒன்றாக வந்தது. அந்தப் பாக்கியைக் கொடுக்க வேண்டிய குடியானவருக்கும், கடன்பட்ட வணிகருக்கும், வீட்டு வாடகை கொடுத்த கைவினைஞருக்கும் சுமை அதே அளவுக்கு இறங்கியது. எனவே ‘மக்கள் துன்புற்றார்கள்’ என்று ஒரே வரியில் எழுதுவோர் எந்த மக்கள் என்று சொல்ல வேண்டும். நமக்குக் கிடைத்திருக்கும் புலம்பல்களில் பெரும்பகுதி எழுதத் தெரிந்தவர்கள் எழுதியது. அவர்கள் மடத்திலும் ஆயர் இல்லத்திலும் இருந்தவர்கள், குத்தகை வாங்கியவர்கள். தினக்கூலிக்காரரின் நிலை வேறு. கூலி ஏறுவதற்கு முன் ரொட்டி விலை ஏறினால் அவருக்கு அடி விழும். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குவோருக்கும் அப்படியே.

இழந்தவர்கள் வலியவர்கள் என்பதால் அவர்கள் பேரம் பேசவும் முடிந்தது. 1303, 1304 ஆண்டுகளில் குருமார் அரசருக்கு மானியம் வழங்கியபோது, காசைப் புனித லூயியின் மாற்றுக்குத் திருப்ப வேண்டும் என்ற நிபந்தனையைக் கூடவே வைத்தார்கள். நேரடியாக வரி தருகிறோம், மறைமுகமாக எடுக்காதீர்கள் என்பதே இதன் பொருள். வரி என்பது இரு தரப்பும் ஒப்புக்கொண்டு செய்யும் ஒப்பந்தம் என்ற எண்ணம் பிரான்சில் வலுப்பெற்றதற்கு அக்கசாலையின் மீதிருந்த வெறுப்பும் ஒரு காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

1305-இல் ஃபிளாண்டர்சுடன் அமைதி ஏற்பட்டது. தோற்றவர்கள் மீது பெரும் இழப்பீடு சுமத்தப்பட்டது. பணம் வாங்க வேண்டிய நிலைக்கு அரசர் வந்துவிட்டார். வாங்குபவருக்குக் கனமான காசுதான் நல்லது. 1306 ஜூனில் அறிவிப்பு வந்தது, செப்டம்பரில் நல்ல காசு நடைமுறைக்கு வந்தது. மக்கள் கையில் இருந்த இளைத்த காசின் மதிப்பு மூன்றில் ஒன்றாக்கப்பட்டது. இடையில், ஜூலையில், யூதர்கள் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். அவர்களுக்கு வர வேண்டியிருந்த கடன்கள் அரசருக்கு உரியவை ஆயின. அந்தக் கடன்களை இளைத்த காசில் வாங்கியவர்கள் கனத்த காசில் அரசருக்குத் திருப்ப வேண்டிய நிலை வந்தது. இரண்டு ஆணைகளும் ஒன்றையொன்று அடுத்து வந்ததைத் தற்செயல் என்று என்னால் ஏற்க இயலவில்லை.

கலகம் வெடித்தது இப்போதுதான். வெள்ளி குறைந்துகொண்டே வந்த பத்தாண்டுகளில் பாரிசு முறுமுறுத்தது, ஆனால் அரசரை முற்றுகையிடவில்லை. நல்ல காசு திரும்பி வந்த நான்காவது மாதத்தில் முற்றுகையிட்டது. வீட்டுச் சொந்தக்காரர்கள் வாடகையை எழுதிய எண்ணிக்கையிலேயே, ஆனால் புதிய கனத்த காசில் கேட்டார்கள். கைவினைஞருக்கு வாடகை ஒரே நாளில் மூன்று மடங்காயிற்று. 1306 டிசம்பர் இறுதியில் கூட்டம் திரண்டு, அரசருக்கு நெருக்கமான பெருஞ்செல்வர் எத்தியேன் பார்பெத்தின் தோட்டத்தை வெட்டி அழித்து, அவருடைய வீட்டையும் சூறையாடியது. வாடகையை நல்ல காசில் வாங்க ஆலோசனை சொன்னவர் அவர்தான் என்று ஊர் நம்பியது. அங்கிருந்து கூட்டம் அரசர் தங்கியிருந்த, டெம்பிளர் என்ற துறவு வீரர் சபையின் கோட்டைக்குப் போய், உள்ளே உணவு போகவிடாமல் வழியை மறித்தது. பிலிப் கலகத்தை அடக்கியதும் 28 பேர் நகர வாயில்களுக்கு அருகே மரங்களில் தூக்கிலிடப்பட்டனர். அரசர் அடைக்கலம் புகுந்திருந்த அதே சபையின் உறுப்பினர்கள் 1307 அக்டோபர் 13-இல் நாடு முழுவதும் கைது செய்யப்பட்டதும், அவர்களுடைய சொத்து முடக்கப்பட்டதும் வேறு காரணங்களும் கொண்ட தனிக்கதை. அதைக் காசோடு மட்டும் முடிச்சுப் போடுவது சரியாகாது.

ஒவ்வொரு முறை காசு வலுப்பெற்றபோதும் அரசின் ஆணைகள் வழக்கறிஞரின் பத்திரம் போல் நீண்டன. எந்த ஆண்டில் எழுதிய கடனுக்கு எந்தக் காசு, நெடுநாள் குத்தகைக்கு எது, காட்டு மரம் வெட்டும் ஒப்பந்தத்துக்கு எது, திருமணச் சீதனத்துக்கு எது என்று பிரித்துப் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. வெள்ளியைக் குறைப்பது ஒரு நாள் வேலை. திருப்பிக் கூட்டுவது ஒவ்வொரு ஒப்பந்தத்துக்குள்ளும் புகுந்து நீதி பேசுகிற வேலை.

அதே காலத்தில் இங்கிலாந்தின் வெள்ளிக் காசு ஆட்டம் காணவில்லை என்பதை ஒப்பிட்டால் பிலிப்பின் நிலை மேலும் விளங்கும். முதலாம் எட்வர்டும் அதே போரில்தான் பணத்தைக் கொட்டினார். அவர் 1279-இல் நாட்டுக் காசு முழுவதையும் திரும்பப் பெற்றுப் புதிதாக அடித்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரைப் பங்கு வெள்ளி என்ற மாற்று அப்படியே நின்றது. எட்வர்டு பிலிப்பைவிட நேர்மையானவர் என்று நான் நினைக்கவில்லை. 1275 முதல் கம்பளி ஏற்றுமதிச் சுங்கம் அவருக்கு நிலையாக வந்தது. நாடாளுமன்றத்தைக் கூட்டினால் நாடு முழுவதற்கும் பொதுவான வரியை ஒரே தீர்மானத்தில் வாங்க முடிந்தது. அவர் நாட்டில் காசடிக்கும் உரிமைக்குப் போட்டியிடும் பிரபுக்கள் இல்லை. அந்த அவையில் உட்கார்ந்திருந்தவர்களோ குத்தகை வாங்கும் நிலக்கிழார்கள். காசின் மாற்றைக் காப்பதற்காக வரி கொடுக்க அவர்கள் ஆயத்தமாக இருந்தார்கள். பிலிப்புக்கு அப்படி ஓர் அவை இல்லை. அவர் 1302-இல் பாரிசில் குருமார், பிரபுக்கள், நகரத்தார் என்ற மூன்று வகுப்பாரையும் கூட்டியது திருத்தந்தைக்கு எதிராக ஆதரவு திரட்டுவதற்காக; வரி கேட்பதற்காகவன்று.

பிரெஞ்சு மண்ணிலேயே வேறொரு முன்மாதிரியும் இருந்தது. நார்மண்டியில், காசை மாற்றாமல் இருப்பதற்கு ஈடாக, மூன்றாண்டுக்கு ஒருமுறை அடுப்புக்கு, அதாவது குடும்பத்துக்கு, 12 தெனியே என்று ஒரு தீர்வை கோமகனுக்குச் செலுத்தப்பட்டுவந்தது. மாற்றத்தால் தாம் இழக்கக்கூடியது எவ்வளவு என்று கணக்கிட்டு, அதைவிடக் குறைந்த தொகையை முன்னதாகவே கட்டி அரசரின் கையைக் கட்டிவைத்தார்கள். பிலிப் 1311-இல் மீண்டும் மாற்றைக் குறைத்து, 1313-இல் மீண்டும் வலுப்படுத்தி, 1314 நவம்பரில் இறந்தபோது, மாநிலப் பிரபுக்கள் சங்கங்களாகத் திரண்டு உரிமைப் பத்திரங்கள் கேட்டார்கள். அவருடைய மகன் பத்தாம் லூயி 1315-இல் நார்மண்டிக்குக் கொடுத்த பத்திரத்தில் நல்ல காசு என்ற வாக்கும் அந்தப் பழைய அடுப்புத் தீர்வையும் சேர்ந்தே இடம்பெற்றன. அதே ஆண்டில், காசடிக்கும் உரிமை எஞ்சியிருந்த ஏறத்தாழ 30 பிரபுக்களுக்கு எடை, மாற்று, முகப்பு எல்லாவற்றையும் அரசரே வரையறுத்துக் கொடுத்தார். தம் காசைத் தம் விருப்பம்போல் மாற்றும் உரிமையை அரசர் தம்மிடம் வைத்துக்கொண்டு, அதே உரிமையைப் பிரபுக்களிடமிருந்து பறித்தார் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்துடன் நூறாண்டுப் போர் தொடங்கிய பின் எல்லாம் முன்னைவிட மோசமாயிற்று. காசு அடிப்பதும் அதற்கு மதிப்பு வைப்பதும் தமக்கு மட்டுமே உரியவை என்று ஆறாம் பிலிப் 1340-களில் அறிவித்தார். அவருடைய தந்தையின் அண்ணன் நான்காம் பிலிப் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் செய்ததை, நூற்றாண்டின் நடுவில் அக்கசாலை அதிகாரிகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, காசின் மாற்று என்ன என்பதை வணிகருக்குத் தெரியாமல் மறைக்கச் செய்தார்கள். கள்ளக் காசு என்ற பழி யாருக்காவது பொருந்துமானால் இந்தக் கட்டத்துக்குத்தான் பொருந்தும். 1356 செப்டம்பரில் இரண்டாம் ழான் அரசர் புவாத்தியே போரில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். டிசம்பரில் மீண்டும் ஒரு காசு மாற்றம் அறிவிக்கப்பட்டபோது, பாரிசு வணிகர் தலைவர் எத்தியேன் மார்செல் அந்தக் காசை நகரில் ஓடவிட மறுத்தார். 1357 ஜனவரியில் ழானின் மகனான இளவரசர் பணிந்து அதைத் திரும்பப் பெற்றார். மார்ச்சில் வெளிவந்த பேராணையில், மூன்று வகுப்பாரின் ஒப்புதல் இன்றி வரியும் இல்லை, நிலையான காசும் வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளும் ஒன்றாகவே எழுதப்பட்டன. அந்த ஆண்டுகளில்தான் நிக்கோல் ஒரேம் என்ற அறிஞர், காசு அரசரின் உடைமையன்று, அதைக் கையில் வைத்துப் புழங்கும் சமூகத்தின் உடைமை என்று இலத்தீனில் ஒரு தனி நூலே எழுதினார். அச்சில் அரசரின் முகமோ பெயரோ இருப்பது அந்தக் காசின் எடைக்கு அவர் தரும் உத்தரவாதம் மட்டுமே என்பது அவருடைய வாதம்.

இதற்கு முடிவு கிடைத்தது தத்துவத்தால் அன்று, ஒரு மீட்புத்தொகையால். ழான் அரசரை விடுவிக்க 30 லட்சம் தங்க எக்கூ கேட்கப்பட்டது. அந்த அளவுத் தொகையைச் செம்பு கலந்து திரட்ட முடியாது, கட்டவும் முடியாது. 1360 டிசம்பர் 5-இல் அவர் வெளியிட்ட ஆணை, ‘ஃபிராங்க்’ என்ற தங்கக் காசையும் வலுவான வெள்ளிக் காசையும் ஏற்படுத்தியது; அதனுடன் விற்பனை, மது, உப்பு ஆகியவற்றின் மீது தீர்வைகளையும் விதித்தது. 1363-இல் அடுப்புக்கு இவ்வளவு என்ற நேரடி வரி நாட்டின் வடபகுதிக்கு வந்தது. நார்மண்டியார் நெடுங்காலமாகச் செய்துவந்த பேரம் அரச நாட்டின் பெரும்பகுதிக்குப் பரவியது: வரி கொடுத்துவிடுகிறோம், காசைத் தொடாதீர்கள். அதன் பின் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் வெள்ளி அசையாமல் இருந்தது. 1417 முதல் 1422 வரை உள்நாட்டுச் சண்டையிலும் ஆங்கிலப் படையெடுப்பிலும் வரி அமைப்பு சிதறியபோது, பின்னாளில் ஏழாம் சார்ல்ஸ் ஆன இளவரசர் மறுபடியும் அதே அக்கசாலை வாசலுக்கே திரும்பி, நான்காம் பிலிப் நினைத்தும் பார்த்திராத அளவுக்கு வெள்ளியைக் குறைத்தார். 1439-க்குப் பிறகு, பிரெஞ்சு மொழியில் ‘தாய்’ (taille) எனப்பட்ட நேரடி வரி ஆண்டுதோறும் தொடர்ந்து தண்டப்படும் ஒன்றாக நிலைபெற்றதும்தான் அவருடைய போர்ச் செலவு அக்கசாலையை விட்டு வரி அலுவலர்களின் கைக்கு மாறியது.